ராகு காலத்தில் ஓடையைக் கடந்தவர்கள்

ஜன்னல் பக்கம் எனக்கு வேண்டும், தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள்தான் முதலில் வந்து உட்கார்ந்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்குவதற்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இறங்க மாட்டேன். அந்தப் பையைக் கொஞ்சம் தள்ளுங்கள். என்ன பை இது, ஆள் உயரத்துக்கு இருக்கிறது? பக்கத்தில் கம்பு வேறு தொங்குகிறது.

மலை ஏறவா? எந்த மலை? வடக்கா?

போகாதீர்கள்.

சிரிக்காதீர்கள். நான் போய்விட்டு வந்தவன். போன வருடம் இதே வைகாசியில் போனேன். பனி உருகுகிற நேரம், அதுதான் நல்ல நேரம் என்று கூட்டிக்கொண்டு போனான் ஒருவன். என் மச்சினன். பெயர் தங்கப்பழம். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். என் வீட்டுக்காரிக்கு உடன்பிறந்த தம்பி. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் விசில் தொங்கும். சாப்பிடக் கூப்பிட்டால்கூட விசில் அடித்துக் கூப்பிடுகிற ஜாதி.

டிரைவர் ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறார்? கண்டக்டர்! கண்டக்டர் தம்பி, கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். ஊர் ஊராக நிற்கிற வண்டி என்று கேட்டுத்தானே ஏறினேன். பத்தரைக்குத்தான் போய்ச் சேரும் என்று சொன்னீர்களே. முன்னால் போகிற வண்டியைப் பிடிக்க வேண்டுமா? பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?

கேட்க மாட்டார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

என் பெயர் தவசிலிங்கம். சிவகாசிதான். காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். தினசரி காலண்டர் தெரியும் அல்லவா, காலையில் ஒரு தாளைக் கிழிப்பீர்களே, அது. தாள்களை அடுக்கித் தலையில் தகரப் பட்டை வைத்து அடிப்பது என் வேலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கு மேல் நான் படித்ததெல்லாம் அந்தத் தாளில்தான். ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம். திங்கட்கிழமை என்றால் ஏழரை முதல் ஒன்பது. சனிக்கிழமை என்றால் ஒன்பது முதல் பத்தரை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தமிழ்நாடு முழுக்க சுவரில் தொங்குகிற நேரம் என் கையால் அடித்தது. நான் அதை மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்?

இன்று சனிக்கிழமை. அதனால் ஒன்பதுக்கு முன்பே வீட்டைப் பூட்டிவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டேன். கிளம்பியது நல்ல நேரத்தில். போய்ச் சேருவதும் நல்ல நேரத்தில் இருக்க வேண்டும். நடுவில் வண்டியில் உட்கார்ந்திருப்பது கணக்கில் வராது.

செண்பகவல்லி என் வீட்டுக்காரி. அவளும் அதே பிரஸ்தான். மாதக் காலண்டர் ஒட்டுகிற பகுதி. அங்கேதான் இந்த வினை ஆரம்பித்தது. பனிமலைப் படம் போட்டு ஒரு காலண்டர் ஓடியது. மஞ்சள் மை கூடிப்போய் கொஞ்சம் தாள்கள் கழிவுக்குப் போயின. அதில் ஒன்றை எடுத்து வந்து அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டாள். பனி முழுவதும் மஞ்சளாக, சாம்பார் சாதம் கொட்டியது மாதிரி இருக்கும். முப்பது வருடம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே சமைத்தாள். "நெசத்துல எம்புட்டு வெள்ளையா இருக்கும்னு ஒரு தடவ பாக்கணுங்க" என்பாள். "மை சரியா விழுந்திருந்தா இந்த வெள்ளைதான்" என்று பக்கத்து அரிசி மூட்டையைக் காட்டுவேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படியே முடிந்து போயிருக்கும்.

இவன் வந்தான். ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்கு வந்து, "அக்கா, வடக்கே போறோம், என்கூட வேலை பார்த்த வாத்தியாருங்க ரெண்டு பேரும் வர்றாங்க, நீயும் வா" என்றான். என்னைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தான் எங்க வரப்போறாரு, முழங்கால் கேக்கணுமே" என்றான். என் முழங்காலைப் பற்றி அவனுக்கு என்ன? அந்த ஒரு பேச்சுக்காகவே நானும் கிளம்பினேன்.

போவதற்கு ஒரு மாதம் முன்னால் பள்ளிக்கூட மைதானத்தில் எங்களை ஓடவிட்டான் தெரியுமா? விசில் அடித்தால் நடக்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் வேகமாக நடக்க வேண்டும். செண்பகம் சேலையோடு ஷூ போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறாள், வாயெல்லாம் பல். கையை வீசி நடக்க வேண்டுமாம், நான் வீச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிரஸ்ஸில் முதலாளி முன்னாலேயே கையைக் கட்டி நின்றதில்லை, இவன் முன்னால் வீசுவேனா?

மல்லி ஸ்டாப் வந்துவிட்டதா? அதற்குள்ளா? மணி என்ன தம்பி? கடவுளே. நின்று ஆள் ஏற்றட்டும். நிறைய ஏற்றட்டும்.

அந்த ஊர் பெயர் எனக்கு வாயில் நுழையாது. ரயில், பிறகு பஸ், பிறகு ஜீப்பில் ஒரு பகல் முழுக்க. ஜீப் நின்ற இடத்திலிருந்து நடை. வழிகாட்டுகிறவன் பெயர் பல்வந்த். ஒல்லியாக இருப்பான், பேச மாட்டான். மச்சினன் அவனுக்கு "மெதுவா" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்துவிட்டான். அதிலிருந்து அவன் வாயில் அது ஒன்றுதான். சேறு வந்தால் என்னைப் பார்த்து "மெதுவா". பாறை வந்தால் "மெதுவா". செண்பகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, வாத்தியார்களைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து மட்டும்.

நீங்கள் நினைக்கிற மாதிரி அங்கே ஒன்றும் வெள்ளையாக இல்லை. சொல்கிறேன் கேளுங்கள். உருகுகிற பனி என்றால் அழுக்கு. மேலே சருகு, மண், ஆட்டுப் புழுக்கை. பாதை எல்லாம் தண்ணீர், தண்ணீருக்குக் கீழே சேறு. காலையில் பனி கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், வழுக்கும். வெயில் ஏறிவிட்டால் அதே பனியில் காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும், ஷூவை விட்டுவிட்டுக் கால் மட்டும் வெளியே வரும். சில இடத்தில் பனிக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். மேலே நாம் நிற்கிறோம், கீழே காலி. இதில் நடப்பதற்கு ஊரிலிருந்து ரயில் ஏறிப் போக வேண்டுமா?

"பாத்துக்கோ உன் வெள்ளையை. நம்ம ஊரு சுண்ணாம்புக் காளவாசல் இதைவிட வெள்ளை" என்றேன்.

அவள் குனிந்து மேல் அழுக்கை விலக்கி, கீழேயிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தாள். பல்வந்த் மேலே கையைக் காட்டினான். மச்சினன் அதைத் தமிழில் சொன்னான்: "அக்கா, ஓடையைத் தாண்டி ஒரு மேடு இருக்காம். அங்க ஏறி நின்னா சுத்தி எல்லாப் பக்கமும் வெள்ளைதானாம். கால் படாத பனி. நாளைக்குக் காட்டுறேங்குறான்."

நாளைக்கு. அந்த நாளைக்குத்தான் திங்கட்கிழமை.

ஓடைக்கு இந்தப் பக்கம் கூடாரம் அடித்தோம். பல்வந்த் முதல் நாளே சொல்லிவிட்டானாம், விடிந்ததும் கடக்க வேண்டும் என்று. இரவில் குளிர் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் மேலே உருகுவது நின்று, காலையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருக்கும். வெயில் ஏற ஏற உருகி வந்துகொண்டே இருக்கும். மத்தியானம் யானைகூட இறங்காது. அதையெல்லாம் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கு எல்லாம் புரியும்.

விடிந்ததும் நான் தயார். முதல் ஆளாக ஷூ போட்டு நின்றவன் நான். அதை யாரும் சொல்வதில்லை. மூடுபனி இறங்கி எதிர்க்கரை தெரியவில்லை. பல்வந்த்தான் நிற்கச் சொன்னான். நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். மூடுபனி எப்போது விலகியது தெரியுமா? என் கடிகாரத்தில் ஏழரை தாண்டி முள் ஒரு கோடு நகர்ந்த பிறகு. அதுவரைக்கும் விலகவில்லை. அந்த நிமிடத்துக்காகவே காத்திருந்த மாதிரி விலகியது. உங்களுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லையா? எனக்குத் தெரிந்தது.

பல்வந்த் கையைத் தட்டி "சலோ, சலோ" என்றான். மச்சினன் விசில் அடித்தான். நான் என் பையைக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

"என்ன அத்தான், ஷூ கடிக்குதா?"

"ராகு காலம். ஒன்பதுக்கு எந்திரிப்பேன்."

மலையில் அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அத்தான், இங்க அஞ்சேகாலுக்கே சூரியன் வந்தாச்சு. உங்க ராகு சிவகாசி டயத்துக்கா இங்க வருவாரு? ரயில்ல டிக்கெட் போட்டு வந்தாரா?" வாத்தியார்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். பல்வந்துக்கு ஒன்றும் புரியவில்லை, வானத்தைப் பார்க்கிறான், தண்ணீரைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். "மெதுவா" என்று சொல்லவில்லை அப்போது. சொல்லியிருந்தால்கூட மதித்திருப்பேன்.

"வாத்தியாரே, பெரியவங்க எழுதி வச்சது. நான் அடிச்ச தாளுதான் உன் வீட்டுச் சுவத்துலயும் தொங்குது" என்றேன்.

"அது முகூர்த்தம் பார்க்க அத்தான். ஓடையைத் தாண்டவா?"

அப்போதுதான் செண்பகம் வந்தாள். என் முன்னால் உட்கார்ந்து, "ஏங்க, எந்திரிங்க. எல்லாரும் நிக்கிறாங்க. பிள்ளையாரை நெனச்சுக்கிட்டுத் தாண்டிருவோம்" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "தண்ணி ஏறிருங்குறாங்கல்ல. நான் கையப் புடிச்சுக்கிறேன், வாங்க." முப்பத்தெட்டு வருடம் நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தவள், நான் எழுந்தால் எழுந்தவள். இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

எழுந்தாள். பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து என் மடியில் வைத்தாள். காலையில் அவள் தனக்காகக் காய்ச்சி ஊற்றிய சுடுதண்ணீர். "குளிரும், குடிச்சுக்குங்க" என்றாள். பிச்சைக்காரனுக்குப் போடுகிற மாதிரி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டாள். தம்பி கையைப் பிடித்துக்கொண்டு. திரும்பிப் பார்த்தாள், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்துக்கொண்டே போனாள்.

போனாள் அல்லவா? அதுதான் கணக்கு.

இதோ, இதுதான் அந்த பிளாஸ்க். திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுபோகிறேன். அவள் பொருள் எனக்கு எதற்கு? இல்லை, காலி இல்லை. காலியாகக் கொண்டுபோய் நீட்டினால் நன்றாக இருக்காது என்று காலையில் தண்ணீர் காய்ச்சி ஊற்றினேன். தொட்டுப் பாருங்கள், இன்னும் சூடு இருக்கும்.

அவர்கள் கடந்தபோது தண்ணீர் முட்டிக்குக் கீழேதான் இருந்தது. கடந்தார்கள். போக வேண்டியதுதானே? மேடு அந்தப் பக்கம்தானே இருக்கிறது, வெள்ளையைப் பார்க்கத்தானே வந்தாள், ஏறிப் போயிருக்கலாம் அல்லவா? போகவில்லை. ஐந்து பேரும் கரையில் வரிசையாக நின்றுகொண்டு என்னையே பார்க்கிறார்கள். வேடிக்கை! ஒரு மனுஷன் நேரம் பார்த்து உட்கார்ந்திருப்பது அவ்வளவு வேடிக்கையா? செண்பகம் கையை ஆட்டி ஏதோ கத்துகிறாள். ஒன்றும் கேட்கவில்லை. திட்டுகிறாள் என்று நினைத்தேன். வேறு என்ன கத்தியிருப்பாள்?

ஓடை சத்தம் முதலில் மாறியது. தண்ணீர் சத்தத்துக்குள் வேறொரு சத்தம், அடியில் கல் கல்லோடு இடிக்கிற சத்தம். பிறகு நிறம் மாறியது. கண்ணாடி மாதிரி இருந்தது டீ மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் மிதித்துப் போன கற்கள் ஒவ்வொன்றாக முங்கின. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடிகாரத்தையும் பார்த்தேன். ஒன்பதுக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. அவ்வளவு நேரம் பொறுத்தவன் அந்தக் கால் மணி நேரத்தை விடுவேனா?

ஒன்பது ஆனதும் எழுந்தேன். குலசாமியைக் கும்பிட்டேன். இறங்கப் போகும்போது பல்வந்த் கையை விரித்து "வேண்டாம், வேண்டாம்" என்று காட்டுகிறான். என்ன அதிகாரம் பாருங்கள். இவ்வளவு நேரம் வா வா என்றவன். நான் இறங்கினேன். இரண்டு அடி வைத்ததும் தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. குளிர் இல்லை தம்பி அது, அடி. பிரம்பால் அடிக்கிற மாதிரி. நின்றுவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

பல்வந்த் இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஒரு முனையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான். நான் கூப்பிட்டேனா? கூப்பிடவில்லை. வந்தான். கயிற்றை எனக்கும் கட்டினான். பாதித் தூரம் வந்தோம். தண்ணீர் இடுப்புக்கு ஏறியதும் நான் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்காமல் என்ன செய்வது? "சோடோ, சோடோ" என்று கத்தினான். எனக்கு இந்தி எங்கே தெரியும்? பயப்படுகிறான் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். விடு, விடு என்று சொன்னானாம். பிறகு மச்சினன் சொன்னான். தமிழில் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டவன் இன்னொன்றைக் கற்றுக்கொண்டிருக்கக் கூடாதா?

அடியில் ஒரு கல் உருண்டு வந்தது. அவன் காலில் அடித்தது. அந்தக் கல்லை நானா உருட்டினேன்? இரண்டு பேரும் முங்கினோம். கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். மச்சினன், வாத்தியார்கள், செண்பகம். அவளை யார் இழுக்கச் சொன்னது, ஆம்பிளைகள் மூன்று பேர் இருக்கும்போது? உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. பிறகு ஊர் வரும்வரை அந்தக் கையை யாரிடமும் காட்டவில்லை. எனக்குத் தெரியக் கூடாதாம். மூடி மூடி வைத்துக்கொண்டாள். நான் பார்க்காமலா இருப்பேன்?

பல்வந்த் கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்திருந்தது. எலும்பு தெரிந்தது. அவன் கத்தவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் நனைந்திருந்தேன். நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னேன். உள்ளதைச் சொன்னேன். "பாத்தீங்களா? ராகு காலத்துல தாண்டுனீங்கள்ல, அதோட பலன். உங்களுக்கு வந்திருக்க வேண்டியது, பாவம் அவன் தலையில விடிஞ்சிருச்சு."

மச்சினன் எழுந்து என்னை அடிக்க வந்தான். வாத்தியார்கள் பிடித்துக்கொண்டார்கள். வரட்டும் என்றுதான் நின்றேன். ஆனால் செண்பகம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க உட்கார்ந்தே இருங்க" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி.

அன்று முழுக்க அந்தக் கரையில்தான் கிடந்தோம். மேடு அங்கேயேதான் இருந்தது. ஒருவரும் ஏறவில்லை. மறுநாள் விடியலில் தண்ணீர் வடிந்ததும் பல்வந்தைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு கடந்தோம். அப்போது கணுக்கால் அளவுதான் இருந்தது. வெள்ளையைப் பார்க்காமலேயே இறங்கினாள். அதற்கும் நான்தான் காரணம் என்று மச்சினன் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஏறியிருக்கலாமே! நானா கையைப் பிடித்தேன்? அவன்தானே கையைப் பிடித்திருந்தான்.

மதுரையில் ரயிலை விட்டு இறங்கியதும் நான் சிவகாசி பஸ்ஸில் ஏறினேன். அவள் ஏறவில்லை. தம்பியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஒரு வருடம் ஆகிறது. பல்வந்த் இப்போது மலை ஏறுவதில்லையாம், ஜீப் நிற்கிற இடத்தில் டீக்கடை போட்டிருக்கிறானாம். மாதம் தவறாமல் அவனுக்குப் போன் போட்டு, கால் எப்படி இருக்கிறது என்று இந்தியில் கேட்கிறாளாம். இந்தி கற்றுக்கொண்டாள்! எனக்கு ஒரு போன் இல்லை. எனக்கும் முழங்கால் இருக்கிறது அல்லவா?

நான் போகவில்லை. நான் ஏன் போக வேண்டும்? சமைத்துக்கொள்கிறேன். அந்த மஞ்சள் படத்தைக் கிழித்து எறிந்துவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். எறியவில்லை. சுவரில் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கத்தான்.

முந்தாநாள் போன் வந்தது. அவளேதான். "நாளான்னைக்குச் சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிப்பேன். வந்து, வா-ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க கூட வந்திர்றேன். மறுநாள் தம்பி அந்த மேட்டுக்குப் போறான், எனக்கும் டிக்கெட் போட்டிருக்கான். நீங்க வந்தா அதை விட்டுர்றேன்." சரி, அவ்வளவு தூரம் இறங்கி வந்தாளே என்று நினைத்தேன். பிறகு சொன்னாள்: "பத்து மணிக்கு வருவேன். பத்தரை வரைக்கும் நிப்பேன். வரலேன்னா ரயிலேறிருவேன். திரும்பி வந்தும் இங்கேயே இருந்துக்கிறேன்."

சனிக்கிழமை. பத்து முதல் பத்தரை. கவனித்தீர்களா? அதே பிரஸ்ஸில் வேலை பார்த்தவள். தெரியாமலா சொல்கிறாள்? என்னைச் சோதிக்கிறாள். நானும் விடவில்லை, இரவெல்லாம் உட்கார்ந்து யோசித்தேன். இந்த வண்டியைப் பிடித்தால் சரியாகப் பத்தரைக்குப் போய் இறங்கலாம். ராகுவும் முடிந்திருக்கும், அவளும் நின்றிருப்பாள். இரண்டு பக்கமும் யாரும் தோற்க வேண்டாம். வா என்று சொல்லிவிடுவேன். சொல்ல மாட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதானே வருகிறேன்.

என்ன, கோபுரம் தெரிகிறது? ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டதா? மணி என்ன? பத்து இருபதா! பாவி டிரைவர். பாவி. யார் துரத்துகிறார்கள் இவனை?

தம்பி, இந்தப் பக்கம் வாருங்கள். நீங்கள் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். கேள்வி கேட்காதீர்கள், மாறி உட்காருங்கள், சீக்கிரம். நான் குனிந்துகொள்கிறேன். வெளியே பாருங்கள். அரக்குச் சேலையில், கொஞ்சம் குட்டையாக, நரைத்த தலை. நிற்கிறாளா? நிற்கிறாளா! பை வைத்திருக்கிறாளா? ஒரு பையா, இரண்டா? இரண்டு என்றால் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கண்டக்டர், வண்டி எவ்வளவு நேரம் நிற்கும்? ஐந்து நிமிடமா? பத்து நிமிடம் நிற்கக் கூடாதா? இப்போது மட்டும் அவசரமா உங்களுக்கு?

இறங்கி அந்தப் பக்கம் மறைவாக நின்றுகொள்ளலாமா? எப்படி முடியும்? இறங்கினால் பார்த்துவிடுவாள். பார்த்துவிட்டால் பேச வேண்டும். முதல் வார்த்தையே ராகு காலத்தில் சொன்னதாகிவிடும். வா என்று சொல்கிற வார்த்தை தம்பி அது. சாதாரண வார்த்தையா? கெட்ட நேரத்தில் சொல்லி, வந்தவள் மறுபடியும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? நீங்கள் வந்து சமைத்துப் போடுவீர்களா? அவள் வந்தால் இருக்க வேண்டும். கடைசி வரை இருக்க வேண்டும். அதற்காகத்தான் பார்க்கிறேன். இது யாருக்குப் புரிகிறது?

என்ன செய்கிறாள்? இறங்குகிறவர்களைப் பார்க்கிறாளா? எல்லோரும் இறங்கிவிட்டார்களா? ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறாளா? நம் ஜன்னலுக்கா? தம்பி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். மறைத்துக்கொள்ளுங்கள்.

...

போய்விட்டாளா? உங்களிடம் ஏதோ சொன்னாளே, சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பிளாஸ்கைப் பார்த்தாளா? பார்த்துவிட்டு என்ன சொன்னாள்? சொல்லுங்கள்.

"அவரை உட்கார்ந்தே இருக்கச் சொல்லுங்க" என்றா?

சிரித்தாளா, அழுதாளா? இரண்டும் இல்லையா?

எந்தப் பக்கம் நடக்கிறாள்? பெஞ்சுக்கா, ரோட்டுக்கா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு பையையும் எடுத்துக்கொண்டாளா?

மணியைப் பாருங்கள். சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. பத்து இருபத்தைந்து. இன்னும் பத்தரை ஆகவில்லை. பத்தரை வரை நிற்பேன் என்று சொன்னது யார்? நானா? சொன்ன சொல்லுக்கு ஐந்து நிமிடம் முன்பே நடக்கிறாள். எப்போதும் அவளுக்கு அவசரம். அங்கேயும் அவசரம்தான்.

விசில் அடித்துவிட்டார்கள். கண்டக்டர், இங்கே வாருங்கள். ராஜபாளையத்துக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள்.

இதைக் கொஞ்சம் பிடியுங்கள், சில்லறை எடுக்கிறேன். பார்த்துப் பிடியுங்கள், சுடும்.

நாளைக்கு யாராவது கேட்டால் நீங்கள்தான் சாட்சி, தம்பி. நான் எங்கேயும் போகவில்லை. உட்கார்ந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள்தான் முதலில் நடந்தாள்.